புதன்கிழமைகளில் நின்ற கார்

பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் இதையும் தொடங்குகிறேன். முன்பு தொடங்கியதெல்லாம் பாதியில் நின்றுபோனது. ஒன்பது வருடமாகக் கொப்பியைத் திறப்பேன், நாலு வரி எழுதுவேன், தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவேன். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்து எனக்கு இலேசில் வராது. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் பயம்தான். எங்கள் ஊரில் இறைநேசர்களான அவுலியாக்கள் அடங்கியிருக்கும் சியாரத்துக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள், போகக்கூடாது என்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கதையைச் சொன்னால் முதலாம் ஆட்கள் நான் அவுலியாவைக் குறை சொல்லிவிட்டேன் என்பார்கள். இரண்டாம் ஆட்கள் "பாத்தீங்களா, நாங்க சொன்னம்" என்று என் தோளில் தட்டுவார்கள். எனக்கு இரண்டும் வேண்டாம். ஒரு பழைய கார் சில நாள் ஏன் இழுக்காமல் போனது என்பதையும், அதனால் என் மகளின் கால் என்ன ஆகப் பார்த்தது என்பதையும் நடந்தபடி எழுதி வைக்கிறேன். அவ்வளவுதான்.

சூறாவளி அடித்துப் போன மறு வருடம் எங்களுக்கு ஒரு பெண் பிள்ளை கிடைத்தாள். இரண்டு ஆண் பிள்ளைகளுக்குப் பிறகு வந்தவள். துணியில் சுற்றி என் கையில் தந்தார்கள். வலது காதில் பாங்கு சொன்னேன். சொல்லி முடிக்கும் வரைக்கும் பொறுத்திருந்த மருத்துவிச்சி, பிறகு மெதுவாகத் துணியை விலக்கி இடது காலைக் காட்டினாள். பாதம் உள்பக்கமாகத் திரும்பி, உள்ளங்கால் மேலே பார்த்தபடி இருந்தது. வேளாண்மை வெட்டுகிற தாக்கத்தியின் வளைவு மாதிரி.

"கிரகணத்தண்டு வீட்டுக்குள்ள கிட புள்ள எண்டு சொன்னன். கேட்டாளா? குந்திக்கொண்டு பாக்கு வெட்டினாள்" என்றார் மாமி, என் மனைவியின் உம்மா. அவர் கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார். ஆனாலும் என் மனைவி அன்று முழுக்க சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தாள்.

மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில் இருந்த எலும்பு டொக்டர் பிள்ளையின் காலை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பே பாதி மருந்தாக இருந்தது. "எலும்பு இப்ப ஈரக் களி மாதிரி. கிழமைக்கு ஒருக்கா கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பி பிளாஸ்ரர் மாக்கட்டுப் போடுவம். மூணு மாசம் புதன்கிழமை தவறாம வரணும். ஒரு கிழமை விட்டாலும் கால் பழையபடி கிறுகிப்போகும். பிறகு கத்தி வைக்கத்தான் வேணும்" என்றார். வரும் நாளில் காலையிலேயே பழைய கட்டை வீட்டில் ஊறவைத்து அவிழ்த்துவிட்டுக் கொண்டுவரச் சொன்னார். கிளினிக் பத்து மணிக்கு முடியும்.

ஆகவே புதன்கிழமை என்றால் விடியச் சுபஹுத் தொழுத கையோடு பேசினில் இளஞ்சுடு தண்ணீர் வைப்போம். மனைவி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கட்டை ஊறப்போட்டுச் சுருள் சுருளாக அவிழ்ப்பாள். உள்ளே இருந்து அந்தச் சின்னக் கால் தோல் வெளிறி, ஈரமாக வெளியே வரும். அந்த நேரத்திலிருந்து டொக்டரின் கைக்குப் போகும் வரைக்கும் அந்தக் காலைப் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. அதனால்தான் வழியில் கார் நின்ற ஒவ்வொரு நிமிடமும் எனக்குப் பெரிதாக இருந்தது.

பஸ்ஸில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு தரம் போனோம். அக்கரைப்பற்றிலிருந்து வருகிற பஸ் எங்கள் அட்டாளைச்சேனைச் சந்திக்கு வரும்போதே மிதிபலகையில் ஆள் தொங்கும். கல்முனையில் இறங்கி மற்ற பஸ்ஸுக்குக் காத்து நின்று, பத்தேகாலுக்குப் போய், நேர்ஸ் மிஸியிடம் மன்றாடித்தான் கட்டுப் போட்டோம். என்னிடம் கார் இருக்கும்போது ஏன் அந்தப் பாடு என்று நினைத்தேன்.

கார் என்றால் அது இங்கிலாந்துக் கார், பழசு. நான் அதில் வாடகைக்கு ஹயர் ஓடித்தான் குடும்பம் பார்த்தேன். பெற்றோல் மீற்றர் எப்போதோ செத்துவிட்டது. பின்பக்கத் தாங்கியின் மூடியைத் திறந்து ஒரு பிரம்பை விட்டு, நனைந்த இடத்தைப் பார்த்துத்தான் எவ்வளவு இருக்கிறது என்று அறிவேன். மாரி மழையில் தாங்கிக்குள் தண்ணீர் போய்த் தொல்லை தந்ததால், பழைய டியூப் ரப்பரில் வளையம் வெட்டி மூடிக்குள் வைத்து இறுக்கியிருந்தேன். மூடியின் நடுவில் ஊசித் துவாரம் போல ஒன்று இருந்தது. அது எதற்கென்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

இரண்டாம் புதன்கிழமைக்குப் பிறகு மாமி ஒரு நேர்ச்சை வைத்தார். ஒலுவில் தாண்டிப் போகிற வழியில் வயலோரம் ஒரு சின்னச் சியாரம் இருந்தது. பிள்ளையின் கால் நேராகும் வரைக்கும் ஒவ்வொரு புதனும் அங்கே நிறுத்தி, பாத்திஹா ஓதி, அங்கே ஓதிக்கொடுக்கிற லெப்பை தருகிற சந்தனத்தைப் பிள்ளையின் நெற்றியில் தடவிக்கொண்டு போக வேண்டும். எனக்கும் அது நல்லதாகவே பட்டது. லெப்பை அரைத்த சந்தனத்தை வாழை இலைத் துண்டில் வைத்துத் தருவார். பிள்ளைக்குத் தடவிய பிறகு இலையில் மிச்சம் இருக்கும். பறக்கத்தான, அருளுள்ள பொருளை வீணாக்கலாமா? கார் முன்பக்கத்தில் கொஞ்சம், ஸ்டியரிங்கில் கொஞ்சம் பூசினேன். காருக்கு உயிர் பெற்றோல்தானே என்று பெற்றோல் மூடியின் நடுவில் நன்றாக அப்பினேன்.

அன்றுதான் முதல் தரம் நின்றது.

கல்முனை தாண்டும் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. நீலாவணை கழிந்து பெரியகல்லாற்றுக்குக் கிட்ட வரும்போது எக்சிலேட்டரை மிதிக்கிறேன், கார் ஏறவில்லை. மிதிக்க மிதிக்க மூச்சு வாங்குகிற ஆள் போல இரண்டு குலுக்குக் குலுக்கியது. மெதுவாகப் போனால் போகும், கொஞ்சம் வேகம் கேட்டால் விக்கும். பிறகு அதுவும் இல்லாமல் ஓரமாக நின்றுவிட்டது. இறங்கி பொனற்றைத் திறந்தேன். பிளக்குகளைக் கழற்றித் துடைத்தேன். ஸலவாத்து ஓதினேன். கடைசியாகப் பிரம்பைத் தாங்கிக்குள் விட்டுப் பார்த்தேன். பெற்றோல் நிறைய இருந்தது. மறுபடி ஓதி ஸ்டார்ட் செய்தேன். ஒன்றும் நடக்காதது போல ஓடியது.

வருகிற வழியில் நிற்கவே இல்லை.

அடுத்த புதனும் அப்படித்தான். போகும்போது நின்றது, வரும்போது நிற்கவில்லை. மற்ற நாட்களில் நிந்தவூர், அக்கரைப்பற்று என்று ஹயர் ஓடும்போது குறையே காட்டாது. சந்தியில் நிற்கிற மற்ற ஹயர்காரர்கள் விடுவார்களா?

"என்ன மச்சான், உன்ட காருக்குப் புதன்கிழமை அரைநாள் லீவாமே?"

"அது லீவில்லடா. ஆஸ்பத்திரி மணம் பிடிக்காது அதுக்கு. வரக்குள்ள பாரு, என்ன பறப்புப் பறக்குது!"

அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். மாமியோ, "சந்தனம் காணாது போல மருமகன். கொஞ்சம் கூட வாங்கிப் பூசுங்க" என்றார். லெப்பையும் தாராளமாகவே தந்தார். நானும் முந்திய கிழமை காய்ந்திருந்ததன் மேலேயே புதிதாக அப்பினேன்.

அதற்கடுத்த புதன்தான் எல்லாவற்றிலும் மோசம். மூன்று இடத்தில் நின்றது. ஒவ்வோர் இடத்திலும் பிளக் துடைத்து, பம்பைப் பார்த்து, ஓதி, பிரம்பு விட்டு, திரும்ப ஓடுவதற்குள் அரை மணி போனது. நாங்கள் கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போதே பத்து மணி கழிந்துவிட்டது. கிளினிக் கதவு பூட்டியிருந்தது. டொக்டர் வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார் என்று மிஸி சொன்னாள். "இண்டைக்குக் கட்டேலாது அம்மா. அடுத்த கிழமை நேரத்துக்கு வாங்க."

கட்டில்லாத காலோடு பிள்ளையைக் கொண்டு திரும்பினோம். மனைவி வழி முழுக்கப் பிள்ளையின் குதிக்காலைத் தன் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் சீலைத் துண்டு கிழித்து தானே சுற்றிப் பார்த்தாள், பிள்ளை உதைத்து உதைத்துக் கழற்றியது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய் வந்து பார்க்கிறேன், பாதம் உள்ளே இழுத்துக்கொண்டு வருகிறது. கண்ணால் பார்க்கும்படியே இழுத்துக்கொண்டு வருகிறது.

அடுத்த புதனுக்குப் பஸ்ஸில் போனோம், இருட்டோடு புறப்பட்டுப் போனோம். டொக்டர் இந்த முறை சிரிக்கவில்லை. "நாலு கிழமை பட்ட பாடு போச்சு. இன்னொரு தரம் இப்படி வந்தா என்னை ஏசக்கூடாது" என்றார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். களைப்பாகச் சொன்னார்.

மறுநாளே காரைக் கல்முனையில் ஒரு கராச்சுக்குக் கொண்டு போனேன். கராச்காரர் எங்களூர்ப் பக்கத்துப் பழைய கார்களையெல்லாம் பார்க்கிற, கோயிலுக்குப் போகிற தமிழ் ஆள். வயதில் எனக்குக் கொஞ்சம் மூத்தவர். நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னைக் காக்கா என்பார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மூத்தவராக்கி வைத்திருந்தோம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கராச்சுக்குப் போகுமுன் நான் காரைக் கழுவினேன். சியாரத்துச் சந்தனம் கிறீஸ் கையும் எண்ணெய்ச் சீலையும் பட்டு அழுக்காகிவிடக் கூடாது, கராச் தரையில் விழுந்து காலில் மிதிபடக் கூடாது என்பது என் எண்ணம். ஈரச் சீலையால் பொனற்றிலும் ஸ்டியரிங்கிலும் பெற்றோல் மூடியிலும் இருந்ததை அதபோடு, மரியாதையாகத் துடைத்தெடுத்து, அந்தத் தண்ணீரைக் கால் படாத இடமாகப் பார்த்து மாமரத்து வேரில் ஊற்றினேன். அப்படிச் செய்தது எனக்குத் திருப்தியாகவும் இருந்தது.

கராச்காரர் காபரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பொயின்ற் மாற்றினார். பிறகு என்னையும் ஏற்றிக்கொண்டு நீலாவணை வரைக்கும் வேகமாகக் கலைத்து ஓட்டினார். மிதித்த மிதிக்கு ஏறியது.

"என்ன காக்கா, கழுதை எண்டு கொண்டு வந்தீங்க, இது குதிரையெல்லோ!"

நானும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். புதன்கிழமை வந்தது. தாங்கியை நிரப்பினேன். சியாரத்தில் நிறுத்தினேன். சந்தனம் பூசினேன். பெரியகல்லாற்றில் நின்றது. அன்று இரண்டு தரம் மட்டும் நின்றதால், பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காரைக் கழுவிக்கொண்டு திரும்பவும் கராச்சுக்குப் போனேன். திரும்பவும் குதிரை.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "காக்கா, நான் பம்பையும் மாத்திப்போட்டன். இனி மாத்துறதுக்கு உங்களைத்தான் மாத்த வேணும். இந்தக் காருக்கு ஒண்டுமில்ல. உங்கட மனசிலதான் என்னவோ கிடக்கு."

வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னேன். மனைவி மீன் அறுத்துக்கொண்டிருந்தவள், கத்தியை வைக்காமலே சொன்னாள்: "காய்ச்சல் விட்ட நேரத்துல பரிசாரிக்கிட்டக் காட்டினா அவர் என்னத்தக் கண்டுபிடிக்கிற? காயிற நேரத்துலதானே காட்டணும். வாற புதனுக்கு அந்த அண்ணனையும் ஏத்திக்கொண்டு போவம்."

இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

கராச்காரர் முதலில் தலையைச் சொறிந்தார். பிறகு மட்டக்களப்பில் தனக்கும் சாமான் வாங்க இருக்கிறது என்று சொல்லி ஒத்துக்கொண்டார். அன்று கல்முனைச் சந்தியில் வெள்ளைச் சேட்டுப் போட்டு, திருநீறு பூசி, கையில் ஒரு சின்ன ஸ்பனர் சாவிப் பையோடு நின்றார். முன் ஆசனத்தில் ஏறினார். பின்னால் மனைவியும் மடியில் பிள்ளையும். பிள்ளையின் கால் காலையிலேயே அவிழ்த்தாயிற்று.

பெரியகல்லாறு தாண்டி ஓந்தாச்சிமடத்துக்குக் கிட்ட, கார் விக்கியது. நான் அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு சந்தோசம் வந்ததைப் பார்த்தேன், அதை மறைக்கவும் இல்லை. "வாடி வா, இப்பதானே வந்தாய்" என்று காரைப் பார்த்துச் சொன்னார்.

நின்றதும் நான் வழக்கம்போல இறங்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொறுங்க. நிண்டா நீங்க என்னென்ன செய்வீங்க?"

சொன்னேன். பொனற் திறப்பது, பிளக் துடைப்பது, ஓதுவது, பிரம்பு விட்டுப் பார்ப்பது, திரும்ப ஓதுவது.

"அதையெல்லாம் செய்யுங்க. ஆனா ஒண்டு ஒண்டாச் செய்யுங்க. ஒண்டு செய்தா ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாப்பம். எது ஓட வைக்குது எண்டு தெரியணும்."

பிளக் துடைத்தேன். அவர் ஸ்டார்ட் செய்தார். ஓடவில்லை. ஓதினேன். அவர் என் ஓதல் முடியும் வரைக்கும் தலையைக் குனிந்து நின்றார், பிறகு ஸ்டார்ட் செய்தார். ஓடவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு முகம் சுருங்கிப் போனது. இத்தனை நாளும் ஓதித்தான் ஓடுகிறது என்று நம்பியிருந்தேன், மாமியிடமும் அப்படியே சொல்லியிருந்தேன். மணி ஒன்பதைத் தாண்டிக்கொண்டிருந்தது. பின்னால் பிள்ளை அழத் தொடங்கியது.

அப்போது மனைவி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, உள்ளே இருந்தபடியே சொன்னாள்: "அண்ணன், இன்னம் அந்த டொங் கேக்கல்ல."

"எந்த டொங் தங்கச்சி?"

"இவர் மூடியத் திறந்து பிரம்பு விடக்குள்ள எனக்குக் கீழால டொங் எண்டு ஒரு சத்தம் கேக்கும். தகரப் பேணிய நெளிச்சு விட்ட மாதிரி. பிள்ளையும் திடுக்கிட்டு முழிக்கும். அதுக்குப் பிறகுதான் கார் ஓடுற. ஒவ்வொரு தரமும் அப்பிடித்தான்."

"ஏன் புள்ள இவ்வளவு நாளும் சொல்லல்ல?" என்று நான் கேட்டேன்.

"நீங்க ஓதிக்கொண்டு நிப்பீங்க. ஓதக்குள்ள கதைக்கப்போடாது எண்டு நீங்கதானே சொல்ற."

கராச்காரர் காரின் பின்னால் போனார். மூடியைத் திருகினார். உஸ்ஸ்ஸ் என்று காற்று உள்ளே இழுத்தது. அந்தச் சத்தத்தை நானும் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன், வெயிலுக்குப் பெற்றோல் ஆவி வெளியே போகிறது என்று நினைத்திருக்கிறேன். உஸ் முடிய, காருக்குள்ளே டொங்.

"இந்தா!" என்று மனைவி கத்தினாள். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டது.

ஸ்டார்ட் செய்தார். ஓடியது.

அவர் என் மனைவியின் பக்கத்தில் கிடந்த சூப்பிப் போத்தலைக் காட்டினார். "தங்கச்சிக்கு விளங்கும். பிள்ளை விடாம உறிஞ்சினா சூப்பி சப்பளிஞ்சு போய்ப் பால் வராது. வாயை எடுத்தா காத்துப் போகும், மறுகா பால் வரும். தாங்கியும் அப்படித்தான். பெற்றோல் வெளிய போற அளவுக்குக் காத்து உள்ள போகவேணும். அதுக்குத்தான் மூடியில துவாரம் வைச்சிரிக்கான். விளிம்பால போற காத்தையும் நீங்க ரப்பர் வைச்சு அடைச்சிரிக்கிறீங்க. காத்து போகல்லயெண்டா பம்ப் உறிஞ்சி உறிஞ்சித் தாங்கியே உள்ள நெளிஞ்சு போகும். திறந்த உடன அது நிமிருது, அதுதான் டொங்."

"அப்ப வரக்குள்ள ஏன் அண்ணன் நிக்கிறல்ல?" என்று நான் கேட்டேன்.

"போகக்குள்ள தாங்கி நிறைய. உள்ள காத்துக்கு இடமே இல்ல, கெதியா இறுகிப்போகும். வரக்குள்ள அரைவாசிதான் இரிக்கும், காத்து நிறைய, தாக்குப் பிடிக்கும். மற்ற நாளில கொஞ்சம் அடிச்சுக் கிட்டக் கிட்டத்தானே ஓடுறீங்க." இதை அவர் சொல்லும்போது நான் ஒவ்வொரு புதனும் பிள்ளைக்காக என்று தாங்கியை வாய் முட்ட நிரப்பியது நினைவுக்கு வந்தது.

பிறகு மூடியைக் கையில் எடுத்துத் திருப்பினார். நடுவில் மஞ்சளாய், அன்று காலையில் அப்பிய சந்தனம் பாளமாகத் துவாரத்தை அடைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. அவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் அதைச் சுரண்டவில்லை. மூடியை என்னிடம் நீட்டினார்.

"இது உங்கட பள்ளிவாசல் சாமான் போல. நான் தொடக்கூடாது. நீங்களே எடுங்க."

மனைவி பிள்ளையின் அணையாடையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றித் தந்தாள். பிஸ்மில்லாஹ் சொல்லி நானே சந்தனத்தைக் கிளப்பி, அந்தத் துவாரத்தைக் குத்தித் திறந்தேன். கிளம்பிய சந்தனத்தைக் கைலேஞ்சியில் மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மறுபக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று மூடியை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். தெரிந்தது.

கார் களுவாஞ்சிக்குடியைத் தாண்டிப் பறந்துகொண்டிருக்கும்போது அவர் மெதுவாகக் கேட்டார். "காக்கா, என்ட கராச்சுக்கு வரக்குள்ள இந்தச் சந்தனம் இரிக்கல்லியே?"

"கழுவிப்போட்டுத்தான் கொண்டு வந்தன். அழுக்குப் படப்போடாது எண்டு."

அவர் சிரிக்கத் தொடங்கினார். தலை கண்ணாடியில் இடிக்க இடிக்கச் சிரித்தார். "வருத்தத்தை வீட்ட வைச்சுப்போட்டு ஆளை மட்டும் என்னட்டக் கொண்டு வந்திருக்கிறீங்க!" எனக்கு வெட்கமாக இருந்தது. அதைக் கண்டுவிட்டு, "மனசில எடுக்காதீங்க. திருக்கோவில் திருவிழாவுக்குப் போய்வந்த எங்கட ஆள் ஒருத்தர் வேன் கண்ணாடி முழுக்கச் சந்தனத்தைப் பூசிப்போட்டு, ரோட்டு மங்கலாத் தெரியுது, லைட்டைப் பாருங்க எண்டு வந்தவர்" என்றார். பின்னால் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது எனக்குக் கேட்டது. பிள்ளை பிறந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

பத்துக்குக் கால் மணி இருக்கப் போய்ச் சேர்ந்தோம். டொக்டர் காலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "இண்டைக்கு நல்லா விட்டுக் குடுக்குது" என்றார். கட்டு ஈரம் காயும் வரைக்கும் விறாந்தையில் உட்கார்ந்திருந்தோம். நான் நன்றிக்காக இரண்டு ரக்அத்து ஷுக்ருத் தொழ இடம் தேடினேன். ஒரு மிஸி மருந்து அறைக்குப் பின்னால் சுத்தமான இடத்தைக் காட்டினாள்.

அதற்குப் பிறகு ஒரு புதனும் கார் நிற்கவில்லை. சியாரத்தில் நிறுத்தாமல் போகவுமில்லை. பாத்திஹா ஓதினோம், பிள்ளையின் நெற்றியில் சந்தனம் வைத்தோம். காரில் பூசுவதை மட்டும் விட்டேன். மாமியிடம் இதைச் சொல்ல எனக்கு ஒரு கிழமை பிடித்தது. கேட்டு முடிய அவர் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "அவுலியாவா மருமகன் பெற்றோல் மூடியில பூசச் சொன்ன? லெப்பை பிள்ளைக்கெண்டுதானே தந்த."

நோன்புப் பெருநாளைக்கு முந்திய புதன்கிழமை டொக்டர் கடைசிக் கட்டை அவிழ்த்தார். இரண்டு பாதமும் ஒன்றுபோலக் கட்டிலில் பதிந்து நின்றன. கத்தி படவில்லை. பிள்ளை பதினான்கு மாதத்தில் நடந்தாள்.

என் பிழை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஊரில் கதை வேறுமாதிரி ஓடியது. ஒரு தேத்தண்ணிக் கடையில், அவுலியா அந்தக் காரை மறித்து வைத்தார், நேர்ச்சையைக் கூட்டிய பிறகுதான் விட்டார் என்று ஒருவர் சொன்னார். இன்னொரு நாள் அதே கடையில், சியாரத்துச் சந்தனத்தால் எஞ்சினே எரிந்து போனதாம், அதற்குப் பிறகு அந்த மனிசன் சியாரத்துப் பக்கமே போவதில்லையாம் என்று ஒரு வாலிபர் சொன்னார். இரண்டு நாளும் நான் அதே வாங்குப் பலகையில் இருந்து தேத்தண்ணி குடித்தேன். அந்தக் கார் என்னுடையது என்று வாயைத் திறக்கவில்லை. எதற்கு வம்பு என்று எழும்பி வந்துவிட்டேன்.

இப்போது என் மகளுக்குப் பத்து வயது ஆகப் போகிறது. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஓடுகிறாள். போன மாதம் ஒருநாள் சப்பாத்தைக் கழற்றாமலே வந்து என் முன்னால் நின்றாள்.

"வாப்பா, என்ட காலுக்கு முசீபத்தாமே, பீடையாமே? நான் ஏறினா கார் நிக்குமாமே? என்னோட படிக்கிற புள்ளைட உம்மா சொன்னாவாம். சுற்றுலாப் போற பஸ்ஸில என்னை ஏத்தப்போடாதாம்."

அவள் அழவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தனத்தைப் பற்றியும் கராச்காரரைப் பற்றியும் டொங் சத்தத்தைப் பற்றியும் எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். உம்மாதான் கண்டுபிடித்தாள் என்றதும் அவளுக்குப் பெரிய பெருமை. "அப்ப ஏன் வாப்பா நீங்க அவங்களுக்கிட்டச் சொல்லல்ல?" என்று கேட்டாள். என்னிடம் இருந்த ஒரே பதில் பயம்தான். அதை ஒரு பிள்ளையிடம் சொல்ல முடியாது. அன்றே கொப்பியைத் திரும்ப எடுத்தேன். மறுநாள் அவளுடைய வகுப்பு ரீச்சரிடமும் போய் என் வாயாலேயே சொன்னேன். அவள் சுற்றுலாவுக்குப் போய், யன்னலோரத்தில் இருந்து பாட்டுப் பாடிக்கொண்டு போனதாகச் சொன்னாள். பஸ் எங்கும் நிற்கவில்லை.

இதை வாசிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. யாருக்காவது இதைச் சொன்னால் இருந்தபடி சொல்லுங்கள். கறாமத்து அற்புதத்தைச் சேர்க்க வேண்டாம், சந்தனத்தை விட்டுவிடவும் வேண்டாம். அதைப் பூசிய கை என்னுடையது, அவுலியாவுடையதும் அல்ல, லெப்பையுடையதும் அல்ல. நாங்கள் ஓதியதையும் விட்டுவிடாதீர்கள். அது காரை ஓட்டவில்லை, எங்களை ஓட்டியது. கண்டுபிடித்தது என் மனைவி, திருத்தியது ஒரு தமிழ் ஆள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்: அந்தக் கார் நின்றதற்கும் என் பிள்ளையின் காலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.